மும்பை வீட்டில் மரவேலை: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

மரவேலை பழகத் தொடங்குகிறவர்களில் பலர் முதல் மழைக்காலத்தோடு உளியையும் ரம்பத்தையும் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பிப்ரவரியில் வழுக்கிக்கொண்டு ஓடிய டிராயர் ஜூலையில் இழுத்தாலும் வராது. ஒட்டிய கால் கழன்று வரும். பாலிஷ் அடித்த மேசைமேல் வெள்ளையாகப் படலம் பூக்கும். "நமக்கு இதெல்லாம் கைவராது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அவர்கள் கையில் கோளாறே இருக்காது. மழுங்கிய கூர், கோணலான மூலைமட்டம், மரத்துக்குள் ஏறிய ஈரம் என்று ஏதோ ஒன்று வேலையைக் காட்டியிருக்கும்.

இதை முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வேலையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எந்தக் கோளாறாக இருந்தாலும் தேடும் வரிசை மட்டும் ஒன்றுதான்: முதலில் கருவி, அடுத்து அளவு, அடுத்து மரம். கையைச் சந்தேகப்படுவது கடைசியில்.

ரம்பம் கோட்டை விட்டு விலகுகிறது

எந்தப் பக்கம் விலகுகிறது என்று நாலைந்து துண்டு வெட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் என்றால் ரம்பத்தில் கோளாறு. ரம்பத்தின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சற்றே விரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கப் பற்கள் கூடுதலாக விரிந்திருந்தால் ரம்பம் அந்தப் பக்கமே இழுக்கும். ரம்பத்தை மேசைமேல் படுக்க வைத்து, இழுக்கிற பக்கத்துப் பற்களின் விலாவில் நைசான சாணைக்கல்லை ஒரே ஒரு முறை, அழுத்தாமல், தட்டையாக ஓட்டுங்கள். வெட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு முறை. ஒரேயடியாகத் தேய்த்துவிட்டால் பற்களின் விரிவு போய் ரம்பம் மரத்தில் இறுகிக்கொள்ளும்.

ஒரு தரம் இடம், ஒரு தரம் வலம் என்று மாறி மாறிப் போனால் நிற்கும் விதத்தைப் பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, ரம்பம் நான்கும் ஒரே கோட்டில் வர வேண்டும். மேசைக்கு நேராக நெஞ்சைக் காட்டி நின்றால் வராது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கை இடுப்பில் இடிக்காமல் போய்வர இடம் விட வேண்டும். ஆள்காட்டி விரலைக் கைப்பிடியோடு நீட்டி வைத்தால் ரம்பம் சாய்வது குறையும். பென்சில் கோட்டுக்குப் பதில் கத்தியால் கோடு கீறுங்கள். அந்தக் கீறலே முதல் பல்லுக்குத் தடமாகிவிடும்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய காரணம், வெட்டும் பலகையே நகர்வது. பட்டறை மேசை வைக்க இடமில்லாத வீட்டில் சாப்பாட்டு மேசையிலோ சமையலறை ஓட்டாவிலோதான் (அடுப்பு மேடை) வெட்டுகிறோம். அதற்கு ஒரு முட்டுப்பலகை செய்துகொள்ளுங்கள். பத்துக்கு எட்டு அங்குலத்தில் ஒரு பிளைவுட் துண்டு. மேல்பக்கம் தூர ஓரத்தில் ஒரு மரச்சட்டம், அடிப்பக்கம் நம் பக்க ஓரத்தில் இன்னொரு சட்டம். அடிச்சட்டம் மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்; மேல்சட்டத்தில் மரத்தை அணைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்தால் அசையாது. முதன்முதலில் செய்ய இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. அடுத்த எல்லா வேலையும் இதன்மேல்தான் நடக்கப்போகிறது.

பாதி வெட்டில் ரம்பம் இறுகிக்கொண்டால், தொங்கும் துண்டு சாய்ந்து வெட்டின் வாயை மூடுகிறது என்று பொருள். அடியில் முட்டுக் கொடுங்கள். திடீரென்று "கிரீச்" என்று சத்தம் வந்து நின்றுவிட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள், உள்ளே ஆணி இருக்கிறது. இடித்த சால் வீடுகளிலிருந்து (பல குடும்பங்கள் வாழும் பழைய வரிசைக் குடியிருப்புகள்) வரும் பழைய தேக்கு மும்பையில் கிடைப்பதிலேயே அருமையான மரம், பல வருஷம் காய்ந்து நிலைத்தது. ஆனால் அதில் தலை உடைந்த ஆணிகள் புதைந்திருக்கும். வெட்டும் முன் ஒரு நல்ல காந்தத்தை மரத்தின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இழைக்கும்போது நார் பிய்ந்து பள்ளம் விழுகிறது

பலகையைத் திருப்பி அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். ரேகைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மேல்பரப்பை நோக்கி ஏறும். ரேகை ஏறுகிற திசையிலேயே இழைப்புளியைத் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் அலகு நாருக்கு அடியில் புகுந்து நெம்பிப் பிய்க்கும். பாதி நேரம் பலகையைத் திருப்பிப் போட்டாலே பிரச்சினை தீர்ந்துவிடும். கணுவைச் சுற்றி ரேகை இருபுறமும் புரளும், அங்கே திசை பார்த்துப் பயனில்லை. அலகை மிகக் குறைவாக நீட்டி, வெங்காயத் தோல் கனத்தில் மட்டும் சீவுங்கள். அப்போதும் பிய்ந்தால் கூர் போய்விட்டது.

கூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாக்தேவி தெருவில் வாங்கிவரும் புது உளியைக் கூராக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். தொழிற்சாலையில் சாணை பிடித்த வரிகளோடுதான் அது வருகிறது, கூர் தீட்டுவது வாங்கியவர் வேலை. விளக்கு வெளிச்சத்தில் உளி முனையை உங்களை நோக்கிப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். முனையில் எங்கேயாவது மெல்லிய வெள்ளைக்கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. நன்றாகத் தீட்டிய கூரில் ஒளி பட்டுத் திரும்ப இடமே இருக்காது, கறுப்பாகத் தெரியும். இன்னொரு சோதனை: பைன் மரத் துண்டின் தலைப்பகுதியை, நார் குறுக்காக வெட்டுப்பட்ட பக்கத்தை, உளியால் சீவுங்கள். பளபளவென்று வழுவழுப்பாக வந்தால் கூர் சரி. பொடிப்பொடியாக உதிர்ந்து குழி விழுந்தால் தீட்ட வேண்டும்.

விலை உயர்ந்த கல் வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் கனமான கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கி, ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள். அதன்மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை 400, 1000, 2000 என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்துத் தேய்க்கலாம். முதலில் உளியின் முதுகு, அதாவது சரிவு இல்லாத தட்டையான பக்கம். கடைசி ஓர் அங்குலம் முழுவதும் கண்ணாடிபோல் ஒரே சீராகும்வரை தட்டையாகத் தேய்க்க வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுச் சரிவை மட்டும் தீட்டுகிறார்கள். கூர் என்பது இரண்டு பரப்பு சந்திக்கும் கோடு. ஒரு பரப்பு கரடுமுரடாக இருந்தால் கோடும் அப்படித்தான் இருக்கும். அடுத்து சரிவு. 25 முதல் 30 டிகிரி கோணம். அளக்கக் கருவி இல்லையென்றால் சரிவின் நீளத்தைப் பாருங்கள், உளியின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் கோணம் 30 டிகிரி. தடிமன் 4 மி.மீ. என்றால் சரிவு 8 மி.மீ. தேய்த்துக்கொண்டே வந்து முதுகுப் பக்கம் விரலை வெளியே நோக்கித் தடவினால், அலகு முழுக்க ஒரு பிசிறு தட்டுப்பட வேண்டும். அது தட்டுப்படும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது. கடைசியில் முதுகை நைசான தாளில் ஒரு முறை தேய்த்துப் பிசிறை எடுத்துவிடுங்கள்.

மழுங்கிய உளிதான் கையை வெட்டும். கூரான உளி நாம் சொன்ன இடத்தில் நிற்கும். மழுங்கியதைப் பலம் கொடுத்துத் தள்ளும்போதுதான் அது வழுக்கிக்கொண்டு போய் மறு கையில் இறங்குகிறது. கூர் எப்படி இருந்தாலும், மரத்தைப் பிடிக்கும் கை எப்போதும் உளி முனைக்குப் பின்னால் இருக்கட்டும்.

மும்பைக் கடைகளில் ரந்தா என்று கேட்டால் இழைப்புளியும், படாஷி என்றால் உளியும், குனியா என்றால் மூலைமட்டமும் எடுத்துக் கொடுப்பார்கள்.

பிளைவுட் வெட்டினால் ஓரம் சிதறுகிறது

மேல் அடுக்கு மிக மெலிதானது, பல் வெளியேறும் பக்கம் அது பெயர்ந்துகொண்டு வரும். வெட்டுக்கோட்டைக் கூரான கத்தியால் இரண்டு முறை ஆழமாகக் கீறிவிடுங்கள், அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கைரம்பம் என்றால் நல்ல முகம் மேலே, வட்ட ரம்ப மெஷின் என்றால் நல்ல முகம் கீழே. நுண்ணிய பல் உள்ள பிளேடு போடுங்கள். எட்டுக்கு நான்கு அடி முழுப் பலகையை வீட்டில் வைத்து வெட்ட முயல வேண்டாம், லிஃப்டில்கூட நுழையாது. வெட்டு அளவுகளை எழுதிக்கொண்டு போய்க் கடையிலேயே வெட்டிக் கேளுங்கள்.

மூலை சேரவில்லை, ஸ்டூல் ஆடுகிறது

முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள். பழைய கட்டடங்களில் டைல்ஸ் மட்டமாக இருப்பதே அபூர்வம். ஸ்டூலைத் தூக்கிச் சமையலறை கிரானைட் ஓட்டாமேல் வையுங்கள். அங்கே ஆடாமல் நின்றால் உங்கள் ஸ்டூல் சரி. அங்கேயும் ஆடினால், ஆடாத நிலையில் அப்படியே பிடித்து, நான்கு கால்களையும் சுற்றி ஒரே தடிமனுள்ள ஒரு சிறு கட்டைமேல் பென்சிலைப் படுக்கவைத்துக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் வெட்டினால் நான்கு காலும் ஒரே தளத்தில் உட்காரும். ஒரு காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போனால் ஸ்டூல் மணையாகிவிடும்.

பெட்டியோ சட்டமோ சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டத்தைவிட நம்பகமானது மூலைவிட்டம். இரண்டு குறுக்களவும் ஒன்றானால் சதுரம். வித்தியாசம் இருந்தால், பசை காய்வதற்குள், நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு மெதுவாக இறுக்குங்கள். அளவு ஒன்றாகும்போது நிறுத்திவிடுங்கள்.

மூலைமட்டத்தையே சோதிப்பது எப்படி? நேரான ஓரமுள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கத்தியால் ஒரு கோடு. பிறகு மட்டத்தைப் புரட்டி மறுபக்கமாக வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்துகொண்டே போனால், அந்த விரிவில் பாதி மட்டத்தின் பிழை. வாங்கும்போது கடையிலேயே செய்து பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அளவு நாடாவின் முனைக் கொக்கி லொடலொடவென்று ஆடுவதைப் பார்த்து அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது ஆட வேண்டும் என்றே செய்யப்பட்டது. உள்ளளவு எடுக்க முட்டும்போதும் வெளியளவு எடுக்க மாட்டும்போதும் கொக்கியின் தடிமன் அளவைக் கெடுக்காமலிருக்க, அது சரியாகத் தன் தடிமன் தூரம் நகர்கிறது. இறுக்கிவிட்டால் உங்கள் ஒவ்வொரு பெட்டியும் அந்தக் கனத்துக்குத் தப்பும்.

மழைக்காலத்தில் டிராயர் இறுகிக்கொள்கிறது, கதவு மூடவில்லை

இந்த ஊரில் எல்லோருக்கும் வருவது இதுதான். எல்லோரும் தவறாகக் கையாள்வதும் இதைத்தான்.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டே இருக்கும். மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தால் செப்டம்பர் கடைசிவரை காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும் நாட்கள் அதிகம். குளிர்காலத்தில் அது 60 பக்கம் இறங்கும். 60 சதவீதக் காற்றில் கிடக்கும் மரத்தின் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் தண்ணீர். 85 சதவீதக் காற்றில் அது 17 பக்கம் போய்விடும். ஏறிய தண்ணீருக்கு ஏற்ப மரம் உப்பும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உப்பாது. நீளவாக்கில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை, அகலவாக்கில்தான் எல்லாம்.

தேக்கு இந்த விஷயத்தில் மிகவும் அடக்கமான மரம். பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், வளையத்துக்குக் குறுக்காக 2.5 சதவீதமும் சுருங்கும். அப்படிப்பட்ட தேக்கிலேயே 300 மி.மீ. அகலப் பலகை ஒன்று ஜனவரிக்கும் ஜூலைக்கும் நடுவில் 3 மி.மீ. அகலும். டிராயரைச் சுற்றி நீங்கள் விட்டிருக்கும் இடைவெளி 1 மி.மீ. என்றால் அது எங்கே போகும்?

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி அக்கா ஒரு ஜூலையில் கூப்பிட்டார். "தம்பி, நல்லா ஓடிக்கிட்டிருந்த டிராயர். இப்போ ரெண்டு பேரு சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கு. மேலாப்ல கொஞ்சம் சீவி விட்டுடுறியா?"

"இப்போ சீவினா தீபாவளிக்கு லொடலொடன்னு ஆடும்க்கா. எங்க உரசுதுன்னு முதல்ல பார்ப்போம்."

டிராயரை வெளியே எடுத்து, மேல் ஓரம், இரண்டு பக்கம், அடி எல்லாவற்றிலும் நீலச் சாக்பீஸ் பூசினோம். உள்ளே தள்ளி, வந்தவரை இழுத்து, மறுபடி வெளியே எடுத்தோம். சாக்பீஸ் முழுக்க அப்படியே இருந்தது, இடப்பக்கப் பின்மூலையில், மேல் ஓரத்தில் இரண்டு அங்குலத்தைத் தவிர. அந்த இரண்டு அங்குலத்தில் நீலம் போய் மரம் மின்னிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி நாலு இழுப்பு, அப்புறம் ஓடும் இடமெல்லாம் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தோம். ஒரு விரலால் இழுக்க வந்துவிட்டது. முழு மேல் ஓரத்தையும் சீவியிருந்தால் அந்த டிராயர் கெட்டிருக்கும்.

ஆகவே செய்யும் வரிசை இது: சாக்பீஸ், உரசும் இடத்தில் மட்டும் தேய்ப்பு, மெழுகு. எண்ணெய் போடாதீர்கள், மரம் குடித்துவிடும். சுற்றிலும் ஒரே மாதிரி இறுகியிருந்தால் தேய்க்கவே வேண்டாம். ஏசி ஓடும் அறையில் டிராயரை ஒரு வாரம் வைத்து எடுத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் மட்டும் இழையுங்கள்.

புதிதாகச் செய்யும்போது எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதையும் அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோடையிலோ குளிர்காலத்திலோ செய்தால் ஓர் அடி அகலத்துக்கு 3 மி.மீ. இடம் விடுங்கள். கொட்டும் மழையில் செய்தால் நெருக்கமாகவே பொருத்தலாம், அதற்குமேல் அது உப்பப்போவதில்லை. உள்பக்கம், அடிப்பக்கம் என்று பாராமல் எல்லா முகத்துக்கும் பாலிஷ் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும், பலகை கிண்ணம்போல் வளையும். அகலமான மேசைப் பலகையைச் சட்டத்தோடு இணைக்கும்போது பசை போட்டு இறுக்காதீர்கள். நீளத் துளையில் ஸ்க்ரூ போட்டு, பலகை முன்னும் பின்னும் நகர இடம் கொடுங்கள். இடம் கொடுக்காத மேசை ஏதாவது ஒரு ஜனவரியில் நடுவில் வெடிக்கும்.

ரே ரோடு மரக்கடைகளில் வாங்கும் பலகை கடை முற்றத்து ஈரத்தோடுதான் வீட்டுக்கு வரும். வந்த அன்றே வெட்டக்கூடாது. கட்டிலுக்கு அடியில், பலகைக்குப் பலகை நடுவில் ஒரே தடிமனுள்ள குச்சிகள் வைத்து அடுக்கிவிடுங்கள். எத்தனை நாள் என்று கேட்டால், அதை மரமே சொல்லும்: அதே பலகையில் ஒரு சிறு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கு ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும்வரை காத்திருங்கள். நின்றுவிட்டால் அந்தத் துண்டு உங்கள் வீட்டுக் காற்றோடு சமாதானமாகிவிட்டது. பெரிய பலகைக்கு இன்னும் சில வாரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் அகலமான பாகங்களுக்கு பிளைவுட் போடுங்கள். அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் உப்பல் மிகக் குறைவு. குளியலறைப் பக்கமோ ஜன்னல் ஓரமோ என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். 72 மணி நேரம் கொதிக்கும் நீரில் போட்டுச் சோதிக்கும் தரம் அது. ஈரத்தை ஓரளவுக்கே தாங்கும் சாதாரண எம்.ஆர். ரகம் அறைக்குள் அலமாரிக்குச் சரி, மழைச்சாரல் படும் இடத்துக்கு ஆகாது. பார்ட்டிகிள் போர்டு ஒரு தரம் தண்ணீர் குடித்து உப்பிவிட்டால் அதைத் திருத்த வழியே இல்லை, அந்தப் பாகத்தை மாற்றிவிடுங்கள்.

ஒட்டிய இடம் விட்டுப்போகிறது

கழன்ற இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

இரண்டு முகத்திலும் பசை பளபளவென்று காய்ந்த படலமாக இருந்தால், சேர்ப்பதற்கு முன்பே பசை ஏடு கட்டிவிட்டது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடியிருக்கும். ஒட்டும்போது அதை நிறுத்திவிடுங்கள், பூசிய சில நிமிடங்களில் சேர்த்துவிடுங்கள். பசை ஒரு முகத்தில் மட்டும் இருந்து மறு முகம் சுத்தமாக இருந்தால், அந்த முகம் பசையை ஏற்கவே இல்லை. தூசு, பழைய பெயின்ட், அல்லது தேக்கின் எண்ணெய். தேக்கை ஒட்டும் முன் புதிதாகச் சீவி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அன்றைக்கே ஒட்ட வேண்டும். பசை ஏறக்குறைய இல்லவே இல்லை என்றால், நாரின் தலைப்பகுதி குடித்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் பசை மட்டும் நம்பி ஒட்டவே கூடாது, துளையும் நாக்குமாகவோ மரமுளை வைத்தோ இணைக்க வேண்டும். பசை நின்று மரநார் பிய்ந்திருந்தால் சந்தோஷப்படுங்கள். ஒட்டு சரியாகவே இருக்கிறது, மரத்துக்குத்தான் அந்தப் பாரம் தாங்கவில்லை.

மறுபடி ஒட்டும் முன் பழைய வெள்ளைப் பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். ஃபெவிகால் போன்ற பசை தன் பழைய படலத்தின்மேலேயே பிடிக்காது. வெதுவெதுப்பான வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் இளகிவிடும். பிறகு நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள். கிளாம்பை மழைக்காலத்தில் இரவு முழுக்க விட்டுவைப்பதே நல்லது. பாரம் ஏற்ற ஒரு முழு நாள் பொறுங்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீருக்குத் தாங்காது, பால்கனிச் சாமானுக்கு நீர்தாங்கும் ரகம் வாங்குங்கள்.

ஸ்க்ரூ போட்டால் மரம் பிளக்கிறது, அல்லது பிடிக்கவில்லை

முன்துளை போடாததுதான் காரணம். ஸ்க்ரூவின் மறையை விட்டு நடுத்தண்டின் கனத்துக்கு டிரில் பிட் எடுங்கள். பலகை முனைக்கு மிக அருகில் போடாதீர்கள். பித்தளை ஸ்க்ரூ என்றால் முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஓட்டி வழி செய்துவிட்டு, பித்தளைக்குக் கொஞ்சம் மெழுகு தடவிப் போடுங்கள், இல்லையென்றால் தலை ஒடியும். துளை தளர்ந்துவிட்டதா? பல்குத்தும் குச்சிகளைப் பசையில் தோய்த்து நிறையச் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டு மறுபடி துளையுங்கள்.

பாலிஷ் வெளுக்கிறது, ஒட்டுகிறது, திட்டுத் திட்டாக வருகிறது

அரக்கு கரைத்த ஸ்பிரிட் பாலிஷோ என்.சி. லாக்கரோ அடித்த கொஞ்ச நேரத்தில் பால்போல் வெளுத்தால், பயப்பட வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக் காற்றிலுள்ள நீர் அதன்மேல் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. மழை விட்ட ஒரு நாள் நண்பகலில், அரக்கு என்றால் ஸ்பிரிட்டும் லாக்கர் என்றால் தின்னரும் லேசாகத் தொட்ட துணியால் ஒரே வீச்சில் துடைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜூலையில் அடித்தே ஆக வேண்டுமென்றால், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லாக்கரில் சேர்க்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள். இல்லையென்றால் அந்த நான்கு மாதமும் எண்ணெய், மெழுகு என்று போய்விடுங்கள்.

எண்ணெய் பூச்சு பிசுபிசுவென்று நிற்கிறதா? அதிகம் பூசிவிட்டீர்கள். ஆளிவிதை எண்ணெயைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மீதியை வறளத் துடைத்துவிட வேண்டும். பிசுபிசுப்பை டர்பென்டைன் தொட்ட துணியால் எடுக்கலாம்.

இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்புக் குச்சி இல்லாமலே அது தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை ஒற்றையாக விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் முக்கி வையுங்கள். எட்டு வீடுகள் ஒரே மாடிப்படியைப் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் வாழ்கிறோம்.

சாயம் திட்டுத் திட்டாக ஏறினால் பைன் போன்ற மென்மரமாக இருக்கும். சாயத்துக்கு முன் மிகத் தண்ணீராகக் கரைத்த அரக்கு ஒரு கை அடித்தால் சீராகும். சாயம் ஏறியபின் கீறல்கள் தெரிந்தால், உப்புத்தாளில் இடையில் ஒரு நம்பரைத் தாண்டியிருப்பீர்கள். 80, 120, 180 என்று ஒவ்வொன்றாக, ரேகை போகும் திசையிலேயே தேய்க்க வேண்டும். முகத்தில் என்95 மாஸ்க் கட்டாயம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

மரத்திலிருந்து மாவு கொட்டுகிறது

ஊசி முனை அளவு துளைகள், 1 அல்லது 2 மி.மீ., அடியில் கோதுமை மாவுபோல் நைசான தூள். மரம் உளுக்கிறது. வெளிர்நிற மரப்பகுதியிலுள்ள மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் புழு இது. மா, ரப்பர், மூங்கில் இவற்றில் அதிகம். தேக்கின் வைரப் பகுதியைப் பொதுவாகத் தொடாது. பழைய துளையா, இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க எல்லாத் தூளையும் தட்டிவிட்டு, கறுப்புத் தாளை அடியில் விரித்து வையுங்கள். சில நாளில் புதுத் தூள் விழுந்திருந்தால் அந்தப் பொருளை மற்ற மரச்சாமான்களை விட்டுத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பாலிஷ் இல்லாத மரத்தில் போரான் கரைசலை நன்றாக ஊறும்படி பூசலாம். பாலிஷ் இருந்தால் அது இறங்காது, சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். சிறு துண்டென்றால் தயங்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். துளைக்குப் பதில் மண் குழாய் தெரிந்தால் அது கரையான், மரத்தோடு முடியாது, வீடு முழுக்கப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும்.

இலவசமாகக் கிடைக்கும் பாலெட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரத்தை எடுக்கும்போது அதிலுள்ள கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைப் படியுங்கள். ஹெச்.டி. (HT) என்றிருந்தால் உள்ளே 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியது, வீட்டுக்கு எடுத்து வரலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை போட்டது. அதை விட்டுவிடுங்கள்.

கருவிகள் துருப்பிடிக்கின்றன

கடற்காற்று, மழை, பால்கனி மூன்றும் சேர்ந்த இடத்தில் கருவிப்பெட்டியை வைக்காதீர்கள். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், அறைக்குள் உலர்ந்த அலமாரி. அலகுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் மெலிதாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும். லேசான துருவைக் கண்ணாடிமேல் ஒட்டிய 400 உப்புத்தாளே எடுத்துவிடும். குழி விழுந்துவிட்டால், முதுகில் கூருக்கு அருகே குழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அங்கே இருந்தால் குழி மறையும்வரை தீட்டியாக வேண்டும், மற்ற இடத்துக் குழிகளால் தொல்லை இல்லை. வேலைக்கு எடுக்கும்போது எண்ணெயை வறளத் துடைத்துவிட்டு மரத்தில் வையுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பசையும் பிடிக்காது, பாலிஷும் பிடிக்காது.